கடைசி நூறு மீட்டர்



போன மாதம் டிராக் ரேஸ் பற்றி இரண்டே இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த பின்னூட்டங்களைப் படித்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். "சார், நீங்களா இதெல்லாம் பார்க்கிறீங்க?" என்று ஒருத்தி. "பள்ளிக்கூட கேட்டுக்குள்ள சைக்கிளை மிதிச்சு ஓட்டினதுக்கு என்னை வெயில்ல நிக்க வச்சீங்களே, ஞாபகம் இருக்கா சார்?" என்று இன்னொருவன். ஞாபகம் இருக்கிறதடா. அன்றைக்கு நீ ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக வரும்போது ஓட்டினாய். ஓட்டியது தப்பில்லை, ஓட்டிய இடம் தப்பு. இந்தப் பதிவு முழுக்கவே கிட்டத்தட்ட அதைப் பற்றியதுதான் என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நீளமாக இருக்கும்.

நான் பொறியாளன் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியலும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவன். பணி ஓய்வுக்குப் பிறகு பேரன் டிவியில் போட்டுவிட்ட பழக்கம் இது. அவன் சத்தத்துக்காகப் பார்க்கிறான். நான், வண்டி கோட்டைத் தாண்டிய பிறகு எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பந்தயத்தில் ஆபத்து ஓடும் தூரத்தில் இருப்பதைவிட நிற்கும் தூரத்தில்தான் அதிகம். பந்தயத்தை நடத்துகிறவர்கள் இனிமேல் செலவழிக்கும் ஒவ்வொரு டாலரையும் அங்கேதான் முதலில் கொட்ட வேண்டும். அடுத்தது, ஓட்டுகிறவனின் தலை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: நேரான தடம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வண்டி, விளக்கு எரிந்ததும் கிளம்பி யார் முதலில் கோட்டைத் தொடுகிறார்கள் என்பதுதான் டிராக் ரேஸ். அமெரிக்காவில் 1951இல் வாலி பார்க்ஸ் என்பவர் தொடங்கிய என்.எச்.ஆர்.ஏ. என்ற அமைப்புதான் பெரிய போட்டிகளை நடத்துகிறது. உச்சப் பிரிவு இரண்டு. டாப் ஃபியூயல் என்பது ஊசி மாதிரி நீண்ட வண்டி. ஃபன்னி கார் என்பது கார் போல மேல்மூடி போட்டது. இரண்டிலும் எட்டு லிட்டர் எஞ்சின், பதினோராயிரம் குதிரைத்திறனுக்கு மேல். கிளம்பி நான்கு நொடி ஆவதற்குள் மணிக்கு 530 கிலோமீட்டரைத் தொட்டுவிடும்.

அந்த எஞ்சினுக்கு ஊற்றுவது பெட்ரோல் அல்ல, நைட்ரோமீத்தேன். இது என்ன என்று விளக்க, சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. பட்டாசு மருந்தில் வெடியுப்பு எதற்குச் சேர்க்கிறோம்? எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை வெளிக்காற்றிலிருந்து எதிர்பார்க்காமல் மருந்துக்குள்ளேயே வைப்பதற்கு. நைட்ரோமீத்தேனும் தன் மூலக்கூறுக்குள்ளேயே ஆக்சிஜனை வைத்திருக்கிறது. அதனால் ஒரே அளவு காற்றுக்குப் பெட்ரோலைவிடப் பல மடங்கு எரிபொருளை உள்ளே தள்ளி எரிக்கலாம். பலமும் அதனால்தான், வெடிப்பும் அதனால்தான். ஒரு சிலிண்டரில் தீப்பொறி தவறினாலும் எரியாத எரிபொருள் தேங்கி, அடுத்த கணம் எஞ்சினே பட்டாசாகிவிடும். இது எப்போதோ நடக்கும் அதிசயம் இல்லை. ஒரு வாரக் கடைசிப் போட்டியில் பலமுறை நடக்கும். ஆகவே, எஞ்சின் வெடிக்கும் என்று வைத்துக்கொண்டுதான் வண்டியையும் தடத்தையும் கட்ட வேண்டும்.

இப்போது எட்டாம் வகுப்புக் கணக்கு ஒன்று. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரையும், 530இல் போகும் அதே எடைக் காரையும் ஒப்பிட்டால் ஆற்றல் சுமார் 78 மடங்கு. இந்த 78 மடங்கையும் எங்கேயாவது கரைத்தாக வேண்டும். பாராசூட்டில், பிரேக்கில், மணலில், வலையில். எதிலும் கரையாத மிச்சம் ஓட்டுகிறவன் உடம்பில்தான் கரையும். ஆற்றல் அழியாது என்று உங்களை மனப்பாடம் செய்ய வைத்தது இதற்குத்தான்.

ஆரம்ப நாட்களில் இந்தப் பிரச்சினை பெரிதாகத் தெரியவில்லை. ஒரு காரணம், அன்றைக்குப் பந்தயங்கள் பல விமான ஓடுதளங்களில் நடந்தன. கலிபோர்னியாவின் சாண்டா ஆனா விமான நிலையத்தில் 1950இல் தொடங்கியது அப்படித்தான். (நம் சோழவரத்திலும் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளத்தில்தான் பந்தயம் நடந்தது.) ஓடுதளத்தில் முன்னால் இடம் கிடக்கும். பிறகு தனியாகத் தடங்கள் கட்டினார்கள். அன்றைய வேகத்துக்குப் போதுமான நிற்கும் தூரத்தை விட்டார்கள். டான் கார்லிட்ஸ் மணிக்கு 200 மைலைத் தாண்டியது 1964இல். கென்னி பெர்ன்ஸ்டைன் 300 மைலைத் தாண்டியது 1992இல். தடத்தின் நுனியிலோ அதே வேலி, அதே சாலை, அதே பக்கத்து நிலம். 200 மைலிலிருந்து 300 மைலுக்குப் போனால் ஆற்றல் இரண்டேகால் மடங்கு. ஆனால் நிலம் ஒரு அடிகூட வளராது.

அந்த கார்லிட்ஸைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் போக மனம் வரவில்லை. 1970 மார்ச் 8, லாங் பீச் பக்கம் லயன்ஸ் என்ற தடம். அன்றைக்கு எல்லா நீள வண்டிகளிலும் எஞ்சின் முன்னால், ஓட்டுநர் பின்னால், பின்சக்கர அச்சுக்கும் பின்னே தொங்குவது போல உட்கார்ந்திருப்பார். கிளட்ச், கியர் எல்லாம் அவர் கால்களுக்கு நடுவில். கிளம்பிய வேகத்தில் கார்லிட்ஸின் டிரான்ஸ்மிஷன் வெடித்தது. வண்டி இரண்டாக முறிந்தது. வலது பாதத்தில் ஒரு பகுதி போய்விட்டது. மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த மனிதர் அடுத்த வண்டியைப் பற்றி யோசித்தார். எஞ்சினைத் தூக்கி ஓட்டுநருக்குப் பின்னால் வைத்தால் என்ன? அவருக்கு முன்பே சிலர் முயன்றதுதான், ஆனால் வண்டி நேராக ஓடாமல் அலைந்தது. அவரும் அவருடைய ஆட்களும் ஓட்டி ஓட்டிப் பார்த்து, ஸ்டீயரிங் சட்டென்று திரும்பாமல் மெதுவாகத் திரும்பும்படி மாற்றியதும் அது அடங்கியது. 1971இல் பொமோனாவில் நடந்த விண்டர்நேஷனல்ஸ் போட்டியை அந்த வண்டியில் ஜெயித்தார். சில வருடங்களில் முன்-எஞ்சின் டாப் ஃபியூயல் வண்டியே களத்தில் இல்லை.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், யாரும் அவர்களுக்கு உத்தரவு போடவில்லை. பாதுகாப்பான வண்டி ஜெயிக்கவும் செய்தது, அதனால் எல்லோரும் மாறினார்கள். பாதுகாப்பு என்றாலே வேகத்துக்கு எதிரி என்று நினைக்கிறவர்களுக்கு நான் காட்டும் முதல் உதாரணம் இது. துரதிர்ஷ்டம், எல்லாப் பாதுகாப்பும் இப்படி ஜெயித்துக் கொடுக்காது. சுவரைச் சரிசெய்தால் யாருக்கும் கோப்பை கிடைக்காது. அங்கேதான் விதி வேண்டியிருக்கிறது. விதியோ பெரும்பாலும் ஒரு சாவுக்குப் பிறகுதான் வருகிறது.

2004இல் டாரல் ரஸ்ஸல் செயின்ட் லூயிஸ் பக்கத்துத் தடத்தில் இறந்தார். பின் டயர் சிதறி, சிதறல் ஓட்டுநர் கூண்டுக்குள் வந்தது. அதன் பிறகு தலைக்குப் பின்னால் கவசத் தகடு வந்தது. 2007இல் எரிக் மெட்லன். 2008இல் ஸ்காட் கலிட்டா. விதிப் புத்தகத்தைத் திறந்தால் பத்திக்குப் பத்தி ஒரு பெயர் மறைந்திருக்கிறது. நமக்கு இது புதிதா என்ன? 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம், முதலிப்பட்டி. அன்று மதியம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கொடுத்த ரோஜாப்பூ கையில் இருக்கும்போதுதான் செய்தி வந்தது. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை. ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் எத்தனை அடி இடைவெளி வேண்டும், ஒரு அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்ற எண்களுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பது உங்களில் பலருக்கு உங்கள் வீட்டுக் கதையாகவே தெரியும்.

கலிட்டா விஷயத்துக்கு வருகிறேன். 2008 ஜூன் 21, நியூ ஜெர்சியின் இங்கிலீஷ்டவுன். ஸ்காட் கலிட்டா இரண்டு முறை டாப் ஃபியூயல் சாம்பியன், அன்று ஓட்டியது ஃபன்னி கார். கோட்டை நெருங்கும்போது எஞ்சின் வெடித்துத் தீப்பிடித்தது. மணிக்கு 300 மைல் வேகம். பாராசூட்டுகள் வேலை செய்யவில்லை. வண்டி தடத்தின் முடிவிலிருந்த மணலையும் தாண்டிப் போய் மோதியது. அவருக்கு வயது 46.

இரண்டு வாரத்துக்குள் என்.எச்.ஆர்.ஏ. ஒரு முடிவை எடுத்தது. கால் மைல், அதாவது 1320 அடி என்று அரை நூற்றாண்டாக இருந்த பந்தயத்தை, இந்த இரண்டு பிரிவுகளுக்கும் 1000 அடியாகக் குறைத்தது. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். இன்றுவரை அதுவே தொடர்கிறது. பழைய ரசிகர்களுக்கு இது இன்னும் ஆறவில்லை. "கால் மைல் என்பதுதான் டிராக் ரேஸ், ஆயிரம் அடி என்பது அரைகுறை" என்று எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. நூறு மீட்டர் ஓட்டத்தை எழுபத்தைந்து மீட்டராக்கினால் நமக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனாலும் அது திரும்பக் கூடாது என்பது என் கருத்து, காரணத்தைக் கணக்காகவே சொல்கிறேன்.

குறைத்தது 320 அடி, சுமார் 98 மீட்டர். 530 கிலோமீட்டர் வேகத்தில் இந்த தூரத்தைக் கடக்க முக்கால் நொடிகூட ஆகாது. "முக்கால் நொடியில் என்ன சார் வந்துவிடும்?" என்று கேட்கலாம். ஆரம்பத்தில் பார்க்காதீர்கள், முடிவில் பாருங்கள். பாராசூட் போய்விட்டது, பிரேக் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவுக்கு வண்டி வேகம் குறைக்கிறது. இந்தக் கணக்கில், 98 மீட்டர் கூடுதலாக இருந்தால் நின்றிருக்கக்கூடிய வண்டி, அந்த 98 மீட்டர் இல்லாவிட்டால் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போய் மோதும். நோட்டை எடுத்துப் போட்டுப் பாருங்கள், வரும். நிற்பதற்கும் 110இல் மோதுவதற்கும் நடுவே உள்ளது அந்தக் கடைசி நூறு மீட்டர்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தூரத்தைக் குறைத்ததில் வேகமும் குறைந்தது, ஆனால் மெக்கானிக்குகள் சும்மா இருப்பார்களா? 2017இல் கலிபோர்னியாவின் சோனோமாவில் ராபர்ட் ஹைட் ஃபன்னி காரில் 339.87 மைலைத் தொட்டார், ஆயிரம் அடியிலேயே. கலிட்டா இறந்து ஒன்பது வருடத்தில், குறைத்த வேகமெல்லாம் வட்டியோடு திரும்பிவிட்டது. மிச்சம் இருப்பது அந்த 98 மீட்டர் நிலம் மட்டும்தான். அதையும் திருப்பிக் கொடு என்றால் எப்படி?

நல்லதும் நடந்தது, மறைக்கக் கூடாது. எஞ்சின் வெடித்தால் எரிபொருளையும் மின்பொறியையும் தானே நிறுத்தி, பாராசூட்டையும் தானே விரிக்கும் கருவி வந்தது. கோட்டைத் தாண்டியும் ஓட்டுநர் காலை எடுக்காவிட்டால் தடத்தோரத்திலிருந்து வரும் சமிக்ஞை வண்டியை நிறுத்தும். மயங்கிப்போனவர் கை லீவரைத் தேட முடியாது என்ற சின்ன விஷயத்தை அப்போதுதான் விதியாக எழுதினார்கள்.

அடுத்து சுவர். பெரும்பாலானவர்கள், டயர் அடுக்கியோ நுரை வைத்தோ மெத்தென்று இருக்கும் தடுப்புதான் நல்லது என்று நினைப்பார்கள். இந்தப் பந்தயத்தில் அது அவ்வளவு எளிதல்ல. தடம் குறுகலானது, இரண்டு பக்கமும் கான்கிரீட் சுவர். வண்டி சறுக்கினால் சுவரில் நேராக முட்டாது, சாய்வாக உரசும். சைன் அட்டவணை மேல் வகுப்பில் வரும், நான் எட்டோடு நிறுத்திக்கொண்டவன், ஆனாலும் இதைப் பாருங்கள். 500 கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து பாகைச் சாய்வில் உரசினால், சுவரை நோக்கிய வேகம் சுமார் 44 மட்டுமே. பதினைந்து பாகை என்றால் 130. முப்பது பாகை என்றால் 250. சுவர் தள்ளிப் போகப் போக, வண்டி திரும்புவதற்கு இடம் கிடைத்துச் சாய்வு கூடும். அதனால் சுவர் பக்கத்திலேயே, வழவழப்பாக இருப்பது ஒரு வகையில் பாதுகாப்பு. அங்கே டயரை அடுக்கினால் வண்டியின் மூக்கு அதில் புதைந்து, வழுக்கிப் போக வேண்டியது ஒரே இடத்தில் நின்று சுழலும். அதுதான் ஆளைக் கொல்லும்.

வட்டத் தடங்களில் இதற்கு ஒரு நல்ல விடை கண்டார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் டீன் சிக்கிங் என்ற பேராசிரியரும் அவர் குழுவும் செய்த சேஃபர் தடுப்பு. கான்கிரீட் சுவருக்கு முன்னால் நுரைக் கட்டிகள், அதற்கு முன்னால் வழவழப்பான எஃகுக் குழாய்கள். மோதினால் நுரை அமுங்கும், எஃகு முகத்தில் வண்டி வழுக்கிப் போகும். 2002இல் இண்டியானாபொலிஸில் முதலில் பொருத்தினார்கள். டிராக் தடத்தின் முழு நீளத்துக்கும் இது வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், பணமும் வீண். ஆனால் கோட்டைத் தாண்டிய பகுதியில், வண்டி எஞ்சின் போய், டயர் கிழிந்து, எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் வரக்கூடிய இடத்தில், இதன் உறவான ஏதாவது ஒன்று இருக்க வேண்டும்.

சுவரைவிட எனக்குப் பயம் சுவரின் இடைவெளிதான். ஆம்புலன்ஸ் வர, வண்டி வெளியேற என்று நடுநடுவே வாசல் விடுவார்கள். அந்த வாசலின் ஓரம், வருகிற வண்டிக்கு ஒரு கோடாலி முனை. உரசலாகப் போக வேண்டிய மோதல் அங்கே நேர் மோதலாகிவிடும். நம் நான்கு வழிச்சாலை ஓரங்களில் இரும்புத் தடுப்பின் முனை மொட்டையாக, காரைப் பார்த்து நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மதுரைக்குப் போகும்போதெல்லாம் எண்ணிக்கொண்டே போவேன், என் வீட்டம்மா திட்டுவாள். முனையைத் தரையோடு சாய்த்துப் புதைக்கலாம், அல்லது மோதினால் மடங்கும் முனை வைக்கலாம், அல்லது இரண்டு சுவரை ஒன்றன் மேல் ஒன்று ஏறினாற்போல் அமைத்து வாசலை மறைக்கலாம். இதற்கெல்லாம் ராக்கெட் விஞ்ஞானி வேண்டாம், கொத்தனாரும் கொஞ்சம் அக்கறையும் போதும்.

தடத்தின் நுனியில் கட்டும் வலையும் அப்படித்தான். வலை இருந்தால் போதும் என்று இருக்கக் கூடாது. 2010 ஜூலையில் சியாட்டில் பக்கம் மார்க் நைவர் என்ற ஓட்டுநரின் பாராசூட்டுகள் விரிந்தும் வண்டியை விட்டுப் பிய்ந்துபோயின. வண்டி மணலைக் கடந்து வலையில் போய் மாட்டியது. அவர் பிழைக்கவில்லை. 160 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை மூன்றே மீட்டரில் நிறுத்தினால், உடம்பு தாங்க வேண்டியது புவியீர்ப்பைப் போல 33 மடங்கு. பதினைந்து மீட்டர் இழுத்துக்கொடுத்து நிறுத்தினால் 7 மடங்குக்குள். கிணற்றில் வாளியை இழுக்கிறவர்களுக்குத் தெரியும், கயிறு வெட்டி இழுத்தால் அறும், விட்டுப் பிடித்தால் வரும். வலை விட்டுப் பிடிக்க வேண்டும். ஒரே வலை போதாது, ஒன்றன்பின் ஒன்றாக, முதலாவது மெதுவாகத் தொட்டுப் பிடிக்கும்படி இருக்க வேண்டும்.

இனி தலை. இதுதான் எனக்கு மனதை அதிகம் உறுத்துகிறது.

2007 மார்ச்சில் புளோரிடாவின் கெய்ன்ஸ்வில்லில் எரிக் மெட்லன் சோதனை ஓட்டம் ஓட்டினார். டயர் கெட்டு வண்டி பக்கவாட்டில் கடுமையாக அதிர்ந்தது. சுவரில் மோதும் முன்பே, அந்த அதிர்விலேயே அவர் தலை கூண்டின் கம்பிகளில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபட்டது. நான்கு நாளில் இறந்துபோனார். வயது 33. ஹெல்மெட் இருந்தது. தலை முன்னால் பாய்ந்து கழுத்து முறியாமல் பிடிக்கும் ஹான்ஸ் என்ற கழுத்துக் கவசம் அப்போதே வந்திருந்தது. (மிச்சிகன் பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும், பந்தய ஓட்டுநரான அவர் மைத்துனர் ஜிம் டௌனிங்கும் சேர்ந்து செய்தது. மச்சான்கள் சேர்ந்தால் இப்படியும் நல்லது நடக்கும் என்று சொந்தங்களுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.) ஆனால் அது முன்னோக்கிப் பாயும் தலைக்கான விடை. பக்கவாட்டில் அடித்துக்கொள்ளும் தலைக்கு அது முழு விடை இல்லை.

மெட்லன் ஓட்டியது ஜான் ஃபோர்ஸின் அணிக்காக. ஃபோர்ஸ் பதினாறு முறை சாம்பியனானவர், இந்தப் பந்தயத்தின் எம்.ஜி.ஆர். என்று வைத்துக்கொள்ளுங்கள். பையனைப் பறிகொடுத்ததும் கூண்டைப் புதிதாக வடிவமைக்கச் சொன்னார். தலையைச் சுற்றி அகலம் கூட்டி, கனத்த மெத்தை வைத்து, கம்பிகளைச் சேர்த்தார்கள். ஆறு மாதம் கழித்து, செப்டம்பரில் டெக்ஸஸில் ஃபோர்ஸே விபத்தில் சிக்கினார். வண்டி இரண்டாக உடைந்தது, கை கால் எல்லாம் நொறுங்கியது, தலை தப்பியது. எரிக்தான் என்னைக் காப்பாற்றினான் என்ற பொருளில் பிற்பாடு பேசினார். அதன் பிறகும் இரண்டு முறை சாம்பியன்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2024 ஜூன் 23, வர்ஜீனியா. 75 வயது ஃபோர்ஸ், கோட்டைத் தாண்டும்போது எஞ்சின் வெடித்து, 300 மைல் வேகத்தில் தடத்தைக் குறுக்கே கடந்து சுவர்களில் மோதினார். கூண்டு தாங்கியது. உடம்பு பெரும்பாலும் தாங்கியது. மூளை தாங்கவில்லை. தீவிர சிகிச்சையில் பல நாள் இருந்தார். அந்த வருடம் நவம்பரில் ஓட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தார்.

அவர் உயிரோடு இருக்கிறார் என்பதே பெரிய முன்னேற்றம் என்கிறார்கள். உண்மைதான், முப்பது வருடம் முன்னால் பிழைத்திருக்க மாட்டார். ஆனால் பதினேழு வருட இடைவெளியில் ஒரே அணியின் இரண்டு பேருக்கும் அடி விழுந்த இடம் தலைக்குள்ளே. கூண்டை எவ்வளவு கெட்டியாக்கினாலும், மோதலின் வேகம் நேராக உள்ளே வந்துவிடுகிறது. தேங்காயைப் பெட்டியில் வைத்துப் பெட்டியை இரும்பாக்கினால் ஓடு உடையாமல் இருக்கலாம், உள்ளே தண்ணீர் குலுங்குவதை இரும்பு நிறுத்தாது. எனவே வண்டியில் எது உடைய வேண்டுமோ அது முறையாக உடைந்து, மோதலின் நேரத்தை நீட்ட வேண்டும். இருக்கையின் தோளும் தலைப்பக்கமும் ஒன்றாக அசைய வேண்டும். சுவர் கொஞ்சம் அமுங்க வேண்டும். இந்த மூன்றையும் மூன்று பேர் தனித்தனியே செய்யாமல் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். வண்டிகளில் அளவெடுக்கும் கருவிகள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒவ்வொரு மோதலின் கணக்கையும் எல்லா அணிகளுக்கும் திறந்து வைக்கலாம். பரீட்சைத் தாளைத் திருத்திய பிறகு பிள்ளைகளிடம் காட்டாமல் பூட்டி வைத்தால் அடுத்த பரீட்சையில் யார் திருந்துவார்கள்?

பெரிய தடங்களைப் பற்றியே இவ்வளவு எழுதிவிட்டேன். உண்மையில் அதிகம் பேர் ஓட்டுவது சின்னத் தடங்களில். என் தங்கச்சி மகன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான், சனிக்கிழமைகளில் தன் காரைக் கொண்டுபோய் ஒரு சின்னத் தடத்தில் எட்டில் ஒரு மைல், 201 மீட்டர் ஓட்டுகிறான். தங்கச்சிக்குத் தெரிந்ததும் என்னிடம் அழுகை. "அண்ணே, நீ சொன்னா கேப்பான், விடச் சொல்லு." அவன் எனக்குப் படம் அனுப்பினான். புது ஹெல்மெட், தீப்பிடிக்காத கோட்டு, கையில் உறை, முகத்தில் மாப்பிள்ளைச் சிரிப்பு. நான் படத்தின் பின்புறத்தைப் பார்த்தேன். இடுப்பு உயர இரும்புத் தடுப்பு, அதில் ஒரு இடைவெளி, அதன் பின்னால் ஒரு விளக்குக் கம்பம், அப்புறம் மரங்கள். அவ்வளவுதான் தடுப்பு.

"விட்டுரு" என்று நான் சொல்லவில்லை. தங்கச்சிக்கு இன்னும் கோபம். சொல்லியிருந்தால் "சரி மாமா" என்று சொல்லிவிட்டுப் போய் ஓட்டியிருப்பான், எனக்கும் படம் வருவது நின்றிருக்கும். பதிலாக, "மாப்ள, அடுத்த தடவை வண்டியை இறக்குறதுக்கு முன்னாடி கோட்டிலிருந்து கடைசி வரைக்கும் நடந்து போ. உன் பிரேக் முழுசா போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு நட. எதுல போய் முட்டுவேன்னு எனக்கு எழுது" என்றேன். நடந்தான். எழுதினான். அந்தக் கம்பத்தைப் பற்றி அங்கிருந்தவர்களிடம் கேட்டானாம், "அது எப்பவும் அங்கேதான் இருக்கு" என்றார்களாம். இப்போது நாற்பது மைல் தள்ளி, கான்கிரீட் சுவரும் மணலும் உள்ள வேறு தடத்துக்குப் போகிறான். நுழைவுக் கட்டணம் இரண்டு மடங்கு. அவன் அம்மாவிடம் இதை இன்னும் யாரும் சொல்லவில்லை, இந்தப் பதிவைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.

ஓட்டுகிறவனாவது தெரிந்து போகிறான். வேடிக்கை பார்க்க வந்தவர்கள்? 1969 மார்ச்சில் ஜார்ஜியாவின் யெல்லோ ரிவர் தடத்தில் ஒரு ஃபன்னி கார் கம்பி வேலியைக் கிழித்துக் கூட்டத்துக்குள் பாய்ந்து பதினோரு பேர் இறந்தார்கள். 2007 ஜூனில் டென்னசியின் செல்மர் என்ற சிறிய ஊரில், தர்ம காரியத்துக்கு நிதி திரட்டும் விழா. ஊர்ச் சாலையில் பந்தய வண்டி ஒன்று டயரைப் புகையவைத்துக் காட்டியது. வண்டி பாய்ந்த இடத்தில் தடுப்பே இல்லை. வண்டி மக்களுக்குள் போய் ஆறு பேர் இறந்தார்கள். ஓட்டியவர் தொழில்முறை ஓட்டுநர். நடுவே முப்பத்தெட்டு வருடம், பாடம் அப்படியே கிடந்தது.

இங்கே நம் பக்கமும் இரவில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் பந்தயம் விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் 1990இலிருந்து இருக்கிறது, டிராக் பந்தயமும் நடக்கிறது. ஆசைப்படுகிற பிள்ளையை ஒரு தடவையாவது அங்கே அழைத்துப் போங்கள். அங்கேயும் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்காமல், அவனைக் கூட்டிக்கொண்டு வண்டி நிற்கிற பக்கமாகப் போய் உட்காருங்கள்.

மெக்கானிக்கல் படித்த என் பிள்ளைகள் நிறையப் பேர் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கார் கம்பெனிகளில் இருக்கிறீர்கள். மோதல் சோதனைப் பிரிவில் இருக்கிற இரண்டு பேர் எனக்குத் தெரியும். என் கணக்கில் எங்காவது பிசகு இருந்தால் கீழே எழுதுங்கள். அந்த வலைக் கணக்கை மட்டும் யாராவது ஒரு படம் போட்டு அனுப்பினால் பேரனுக்குக் காட்டுவேன், நான் வரைந்தது கட்டில் மாதிரி இருக்கிறது என்கிறான்.